நுரை அடங்கிய பிறகு

ஈப்போ சிலிபினில் நாங்கள் காலையில் பசியாறும் கடையில், தே தாரிக் இழுக்கிறவரின் கையைப் பார்ப்பதற்காகவே அடுப்புப் பக்கத்து மேசையைப் பிடிப்பேன். ஒரு குவளை தலைக்கு மேலே போகும், இன்னொன்று இடுப்புக்குக் கீழே இறங்கும், நடுவில் பழுப்புக் கயிறு தொங்குவது போலத் தேத்தண்ணி விழும். நாலைந்து முறை இழுத்துக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி வைத்தால் விளிம்புக்கு மேலே நுரை குமிழ்ந்து நிற்கும். பேச்சு மும்முரத்தில் அதை ஐந்து நிமிடம் தொடாமல் விட்டுவிட்டால் நுரை அடங்கிப்போய், தேத்தண்ணி இரண்டு விரல் கீழே தெரியும். முதலிலும் அவ்வளவுதான் இருந்தது.

தே தாரிக்கில் இது ஏமாற்று இல்லை. நுரை வேண்டும் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். இழுப்பதில் சூடு ஆறுகிறது, பாலும் சாயமும் ஒன்றாகிறது, எல்லாரும் அறிந்தே குடிக்கிறோம். பேரங்காடி வாசலில் ‘ஜுவாலான் மூரா’, மலிவு விற்பனை, என்று சிவப்புத் துணி கட்டும்போதும் ஓர் இழுப்பு நடக்கிறது. ஆனால் அங்கே நுரைக்கு ஓர் எண் போட்டு, அது நமக்குக் கிடைத்த லாபம் என்று சொல்கிறார்கள். ‘முன்பு 399, இப்போது 199.’ கிளாசில் இருக்கும் தேத்தண்ணி 199 வெள்ளி. அதற்கு மேலே உள்ள 200 வெள்ளியைக் கடைக்காரர் உண்மையாகவே விட்டுக்கொடுத்திருக்கலாம். வெறும் இழுப்பில் வந்த நுரையாகவும் இருக்கலாம். வாசலில் நிற்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அந்த 399-ஐ நான் கற்பனையாகச் சொல்லவில்லை. இரண்டு தீபாவளிக்கு முன்னால், எங்கள் கேஸ் அடுப்பில் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டு மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் நாள் நெருங்கிவிட்டது. ஒரு கடையில் இரட்டை அடுப்பு, கண்ணாடி மேல்தட்டு, 399-ஐச் சிவப்புக் கோட்டால் வெட்டி 199 என்று எழுதியிருந்தார்கள். பாதிக்குப் பாதி. அன்றைக்கே காடியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம், கேஸ் குழாய் வாங்க அதே கடைக்குப் போனேன். அதே அடுப்பு, அதே அலமாரி. சிவப்பு அட்டை இல்லை, விற்பனைத் துணி இல்லை. வெள்ளை அட்டையில் சாதாரணமாக 189 என்று போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்: “399-ன்னு யாருடி சொன்னா?”

“கடையில எழுதியிருந்துச்சும்மா.”

“எழுதுனது யாரு? விக்கிறவங்கதானே?”

அந்தக் கேள்விக்குள் மலிவு விற்பனை இயங்கும் விதம் முழுக்க இருக்கிறது. புதிய விலையை நாம் பார்க்கிறோம், கொடுக்கிறோம். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. தள்ளுபடி என்பது பழைய விலையில் இருக்கிறது. பழைய விலை நேற்று நடந்து முடிந்த ஒன்று; அதற்குச் சாட்சி கடை மட்டும்தான்.

கேசரி தின்ற நாக்கு

பழைய விலையை வெட்டிக் காட்டுவது எதற்கு என்று கேட்டால், அடுப்படியில் இருக்கும் யாருக்கும் விளங்கும். கேசரி சாப்பிட்டுவிட்டு உடனே தேத்தண்ணி குடித்துப் பாருங்கள். வழக்கமாகப் போடும் இரண்டு கரண்டி சீனி போட்டிருந்தாலும் சீனியே இல்லாதது போல இருக்கும். தேத்தண்ணி மாறவில்லை, நாக்கு கேசரியில் நின்றுகொண்டு அளக்கிறது. கண் முதலில் 399-ஐத் தின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் 199 எப்படியும் சின்னதாகத்தான் இருக்கும்.

இதை ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனையால் காட்டினார்கள். ஒரு சக்கரத்தைச் சுழற்றுவார்கள். அது 10-இல் அல்லது 65-இல் நிற்கும்படி ஏற்பாடு. பிறகு ஆட்களிடம், ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்பார்கள். சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் 10-ஐப் பார்த்தவர்களின் நடுமட்ட விடை 25, 65-ஐப் பார்த்தவர்களின் விடை 45. சம்பந்தமே இல்லாத ஓர் எண்ணுக்கு இவ்வளவு இழுப்பு என்றால், அடுப்பின் மேலேயே ஒட்டிய எண்ணுக்கு எவ்வளவு இருக்கும்!

கடைகளை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் மனம் வரவில்லை. அமெரிக்காவில் ஜேசி பென்னி என்ற பழைய பெரிய கடைத்தொகுதியில் இதற்கு நேர்மாறாக ஒருவர் முயன்றார். ஆப்பிள் கடைகளை நடத்தியவரான ரான் ஜான்சன் அங்கே தலைமைக்கு வந்து, 2012 பிப்ரவரியில் ஓயாத தள்ளுபடிகளையும் கூப்பன்களையும் நிறுத்தி, ஏற்றிக் குறைக்காமல் ஒரே நேரான விலையைப் போட்டார். நுரை இல்லாத தேத்தண்ணி. மக்கள் வரவில்லை. அந்த ஓர் ஆண்டில் விற்பனை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விழுந்தது, 98 கோடி டாலருக்கு மேல் நட்டம். 2013 ஏப்ரலில் அவர் வெளியேற, தள்ளுபடிகள் திரும்பி வந்தன. கேசரியை நாமும் கேட்டுத்தான் வாங்குகிறோம். இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து, சிவப்பு அட்டையைப் பார்த்து என் நெஞ்சு துள்ளும்போது அதை நான் உடனே நம்புவதில்லை.

வாழைப்பழ வழக்கு

ஐரோப்பாவில் இந்த நுரையைச் சட்டத்தால் அளக்கப் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் இயற்றி 2022 மே 28 முதல் நடப்புக்கு வந்த விதி: விலை குறைத்தேன் என்று ஒரு கடை சொன்னால், அதற்கு முந்தைய 30 நாளில் அந்தப் பொருள் விற்ற மிகக் குறைந்த விலையையே ‘முந்தைய விலை’ என்று காட்ட வேண்டும். அதை வைத்து ஜெர்மனியில் ஆல்டி ஸூட் என்ற கடைத்தொகுதியின் மீது ஒரு பயனீட்டாளர் அமைப்பு வழக்குப் போட்டது. அந்தக் கடையின் விளம்பரத் தாளில் வாழைப்பழம் கிலோ 1.29 யூரோ, 23 விழுக்காடு தள்ளுபடி, முன்பு 1.69 என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில் கடந்த 30 நாள் குறைந்த விலையும் இருந்தது: 1.29. அதாவது அதே விலைக்கு அந்த மாதத்திலேயே ஒருமுறை விற்றிருக்கிறார்கள். நடுவில் 1.69-க்கு ஏற்றி, திரும்ப 1.29-க்கு இறக்கி, அந்த இறக்கத்துக்கு 23 விழுக்காடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குறைந்த விலையைச் சின்ன எழுத்தில் போட்டால் போதாது, தள்ளுபடி விழுக்காட்டையே அந்த 30 நாள் குறைந்த விலையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2024 செப்டம்பர் 26-இல் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கணக்கில் வாழைப்பழத்தின் தள்ளுபடி சைபர்.

இங்கே மலேசியாவில் நமக்குக் கையில் இருப்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அதன் 12-ஆவது பிரிவு, விலையைப் பற்றித் தவறான எண்ணம் தரும்படி காட்டுவதைக் குற்றமாக்குகிறது. 13-ஆவது பிரிவு தூண்டில் விளம்பரத்துக்கானது: அந்த விலைக்கு, நியாயமான அளவு சரக்கு, நியாயமான காலத்துக்குக் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் விளம்பரம் செய்யக்கூடாது. காலை பத்து மணிக்குக் கடை திறந்து, பத்தேகாலுக்கு ‘ஹாபிஸ், முடிந்துவிட்டது’ என்று சொல்லி விலை கூடிய இன்னொன்றைக் காட்டினால், அந்தப் பிரிவை நினைவில் வையுங்கள். நட்டப்பட்டவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞரை வைத்து வாதாட இடமில்லை என்பதால் எதிர்த்தரப்பும் நம்மைப் போலவே தனியாகத்தான் வந்து நிற்க வேண்டும். நம்மவர்கள் இதைக் கொஞ்சமாகத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது என் மனக்குறை. ஐந்து வெள்ளிக்கு இன்றைக்கு ஒரு வேளை பசியாறுவதற்கே சரியாக இருக்கிறது.

ஆனால் நடுவர் மன்றத்தில் போய் நின்றாலும் அதே கேள்வி வரும்: பழைய விலை பொய் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? அடுப்பு விஷயத்தில் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ரசீதில் 199 மட்டும்தான் இருந்தது.

தோட்டத்துக் கடையின் நோட்டு

அம்மா வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில். லயத்துக்கு எதிரே ஒரே ஒரு கடை. அரிசி, பருப்பு, கருவாடு, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் கடனுக்கு வரும். சம்பளம் போட்ட அன்று கழியும். கடன் ஏறுவது 555 நோட்டில். உள்ளங்கையில் அடங்கும், அட்டையில் பெரிதாக 555 என்று அச்சிட்டிருக்கும் அந்தக் குட்டி நோட்டை மலேசியாவில் அறியாதவர் இல்லை. மலாய்க்காரர்கள் ‘பூக்கு தீகா லீமா’ என்பார்கள், மூன்று ஐந்து. ‘555-இல் போடு’ என்றால் கடனில் எழுது என்று அர்த்தம்.

“கருவாடு போன மாசம் என்ன விலைன்னு பாட்டிக்குத் தெரியாது,” என்று அம்மா சொன்னார். “நோட்டு கடையில இருந்துச்சு. எழுதுறது அவரு, கூட்டுறது அவரு. நம்ம கைநாட்டு மட்டும்தான்.” அந்தக் கடைக்காரரை அம்மா திருடர் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லாமல் கூலி விழுந்த மாதங்களில் அவர்தான் அரிசி கொடுத்து உயிரைக் காப்பாற்றினார் என்றும் சொல்லுவார். ஆனால் விலை ஏறியதா இறங்கியதா என்று சொல்லும் நினைவு ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. லயத்து வீடுகளில் எத்தனை பேர் வாய்க்கணக்கில் கெட்டிக்காரர்களாக இருந்தாலும், போன மாத விலை கையில் இல்லாமல் எதை வைத்துக் கணக்குப் போடுவது?

இன்றைய பேரங்காடியிலும் நோட்டு கடையிடம்தான் இருக்கிறது. அது கம்ப்யூட்டரில் இருக்கிறது, அவ்வளவுதான். உறுப்பினர் அட்டையை நீட்டும்போதெல்லாம் நாம் எப்போது, எதை, எந்த விலைக்கு வாங்கினோம் என்பது அங்கே ஏறுகிறது. நமக்கு நினைவிருப்பது ‘முன்பை விட மலிவு’ என்ற உணர்வு மட்டும்.

ஆகவே நான் ஒரு 555 வாங்கினேன். அதே அளவு, அதே அட்டை. இது எனக்குப் புதிய பழக்கமும் அல்ல. 2018 ஜூன் 1-இல் ஜிஎஸ்டி வரி 6 விழுக்காட்டிலிருந்து சைபருக்கு இறங்கியபோது, செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பி வரும் வரை மூன்று மாதம், எந்தப் பொருளின் விலை நிஜமாகவே இறங்கியது என்று பார்ப்பதற்காக எழுதியிருக்கிறேன். பிறகு விட்டுவிட்டேன். அடுப்பு வாங்கிய கோபம் மறுபடி எழுத வைத்தது.

ஒரு பக்கத்தை அப்படியே காட்டுகிறேன். உடைத்த உளுந்து, ஒரு கிலோ, ஒரே கடை. மார்ச்: 9.80. ஜூன்: 10.20. ஆகஸ்ட்: 10.20. செப்டம்பர்: 11.50. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால், சிவப்பு அட்டையில்: ‘முன்பு 12.90, இப்போது 10.50’. அந்த 12.90 என் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒரு வாரம் அந்த விலை இருந்திருக்கலாம். ஆனால் ஆகஸ்ட்டில் 10.20 கொடுத்த எனக்கு 10.50 மலிவு இல்லை. செப்டம்பரோடு ஒப்பிட்டால் ஒரு வெள்ளி குறைவு என்பதும் உண்மை. முறுக்குக்கு வேண்டிய இரண்டு கிலோவை வாங்கினேன். பத்துக் கிலோ வாங்கவில்லை. நோட்டு இல்லாதிருந்தால் பத்துக் கிலோ வாங்கியிருப்பேன்.

நோட்டில் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு இருபது பொருள் போதும்: மாதாமாதம் வாங்குவது பதினைந்து, அடுத்து வாங்க நினைத்திருக்கும் பெரிய சாமான் நாலைந்து. தேதி, கடை, எடை, விலை. அரசாங்கம் நடத்தும் பிரைஸ்கேச்சர் செயலியில் பக்கத்துச் சந்தை, பேரங்காடி விலைகளைப் பார்க்கலாம். மளிகைக்கு அதுவும் நல்ல துணை. இணையத்தில் 11.11, 12.12 என்று வரும் விற்பனைகளுக்கு, வேண்டிய பொருளை இரண்டு வாரம் முன்பே கூடையில் போட்டு, விலையைப் படம் பிடித்து வைத்துவிடுவது என் வழக்கம். அங்கே நுரை சீக்கிரம் பொங்கும், சீக்கிரம் அடங்கும்.

பானை மாவும் கரண்டியும்

பழைய விலை தெரிந்த பிறகு மிச்சம் இருப்பது அளவைதான், அதை மாவுப் பானையை வைத்து முடித்துவிடலாம்.

‘50 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு’ என்றால் 70 இல்லை. பானையில் பாதி மாவை எடுத்துவிட்டீர்கள். அடுத்த 20, மிச்சம் இருக்கும் பாதியில் ஐந்தில் ஒரு பங்கு. 100 வெள்ளிப் பொருள் 50 ஆகி, 40 ஆகும். ஆக 60. ‘இரண்டாவது பொருள் பாதி விலை’ என்றால் இரண்டுக்கும் சேர்த்து 25 விழுக்காடுதான், அதுவும் இரண்டு வேண்டியிருந்தால். ‘20 விழுக்காடு கூடுதல், அதே விலை’ என்று பெரிய எழுத்தில் போட்ட பொட்டலம் ஏறக்குறைய 17 விழுக்காடு தள்ளுபடிக்குச் சமம். அது நல்லதுதான், பழைய பொட்டலத்தின் எடை இடையில் குறையாமல் இருந்தால். எடையையும் நோட்டில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

பெரியது மலிவு என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் கட்டிக் கணக்குதான். ஒரு கட்டிக்குப் பதினாறு தாயில், ஏறக்குறைய 600 கிராம். நாடு கிலோவுக்கு மாறிப் பல காலம் ஆகியும், மீன் வாங்கும்போது மனசுக்குள் கட்டிக்கு மாற்றித்தான் விலை சொல்லுவார். அது பிற்போக்கு என்று நினைத்திருந்தேன். இல்லை. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்க்கும் ஒழுக்கம் அது. போன மாதம் சமையல் எண்ணெய் 5 கிலோ போத்தல் 31.90, ‘சிறப்பு விலை’. பக்கத்தில் 2 கிலோ போத்தல் 12.50, அட்டை ஏதும் இல்லை. கைப்பேசியில் வகுத்தால் கிலோவுக்குப் பெரியது 6.38, சின்னது 6.25. சிறப்பு விலை பெரிய போத்தலில் ஒட்டியிருந்தது, மலிவு சின்னதில் இருந்தது.

சில பொருளுக்கு ‘மலிவு’ என்று எழுதுவதே பொருந்தாது. ஒரு கிலோ பாலிதீன் பை எண்ணெய் 2.50, சாதாரண வெள்ளைச் சீனி கிலோ 2.85 என்பவை அரசாங்கம் கட்டிப்போட்ட விலை. ‘2.85 மட்டுமே!’ என்று கடை சிவப்பில் எழுதினால், சட்டப்படி விற்கிறேன் என்று சொல்வதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 9.99-உம் அப்படித்தான். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத்தில் கொடுக்கும் மொத்தத் தொகையை அருகில் உள்ள ஐந்து காசுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஒரே பொருளை 9.99-க்கு எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனால் கொடுப்பது பத்து வெள்ளி.

‘செஹிங்கா 70 விழுக்காடு’ என்ற பதாகையில் முதல் சொல் சின்னதாக இருக்கும். ‘வரை’ என்று அர்த்தம். பிரியாணி அண்டாவில் ஒரே ஒரு நெஞ்செலும்புத் துண்டு இருந்து, அது விழுந்த தட்டை மட்டும் படம் எடுத்து வாசலில் ஒட்டுவது போல. எழுபது எந்தப் பொருளுக்கு என்று கேளுங்கள். விற்பனைப் பெண்கள் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். ஒருத்தி என்னைத் தனியாக அழைத்து, “அக்கா, அது அந்தப் பழைய பெட்ஷீட்டுக்கு மட்டுந்தான்” என்றாள்.

கோழிக்கும் இப்படி ஆளை உள்ளே இழுக்கும் வேலை உண்டு. 2023 நவம்பர் 1-இல் கோழிக்கு விலைக் கட்டுப்பாடு நீங்கியதிலிருந்து, கடைகள் அதைத் தூண்டிலாக வைக்க வசதியாகிவிட்டது. விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் கோழி, கடையின் கடைசி மூலையிலும் கோழி. போகிற வழியெல்லாம் மசாலாத் தூள், தேங்காய்ப் பால், வறுத்த வெங்காயம், எண்ணெய். இந்தக் கோழி விலை பெரும்பாலும் உண்மையான மலிவுதான். கடை அதில் நட்டம்கூடப் படலாம். மசாலாவை வீட்டில் அரைக்கிறவர்களுக்கு அந்த நட்டம் லாபம். கோழியை மட்டும் எடுத்துக்கொண்டு நேராகக் கல்லாவுக்கு நடக்க முடிந்தால் போதும்.

மிஞ்சிய குழம்பு

இதுவரை படித்தவர்கள் மலிவு விற்பனையே பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் நல்ல பேரங்களை விரும்புகிறவள், தேடிப் போகிறவள். எந்தத் தள்ளுபடியைப் பார்த்தாலும் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: இவர்கள் ஏன் குறைக்கிறார்கள்?

பதில் அடுப்படியில் சுலபம். புளித்துவிட்ட மாவு வைத்திருக்கும் வீடு, ‘எடுத்துக்கொண்டு போ, பணியாரம் ஊற்று’ என்று பக்கத்து வீட்டுக்கு மனசாரக் கொடுக்கும். வைத்திருந்தால் கெட்டுப்போகும். கடையிலும் வைத்திருக்க முடியாத சரக்கு உண்டு. தீபாவளி முடிந்த வாரத்துத் துணி, சீனப் புத்தாண்டு கழிந்த பிஸ்கட் டின், புது மாதிரி வந்துவிட்டதால் இடத்தை அடைத்து நிற்கும் பழைய மாதிரிக் குளிர்பெட்டி, சாயங்காலம் வரை விற்காத ரொட்டி, பாசார் மூடும் நேரத்துக் கீரைக் கட்டு. இங்கே கடைக்காரர் நிஜமாகவே இழக்கிறார். நமக்கு நிஜமாகவே கிடைக்கிறது. போன ஆண்டு காட்சிக்கு வைத்திருந்த ஓர் இரும்புத் தோசைக்கல்லை, அடியில் லேசான கீறல் என்ற காரணத்துக்காக மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கினேன். என் நோட்டில் அதன் முழு விலை இரண்டு இடத்தில் இருந்தது. அந்தக் கல்லில் ஊற்றாத நாள் இல்லை.

மிச்சத்திலும் வகை பார்க்க வேண்டும். நேற்று வைத்த மீன் குழம்பு இன்றைக்கு இன்னும் ருசி. புளியும் உப்பும் மீனில் ஊறியிருக்கும். நேற்று தேங்காய்ப் பால் ஊற்றிய கறியை இன்றைக்கு முகர்ந்து பார்த்துத்தான் தொட வேண்டும். கடையின் மிச்சமும் இந்த இரண்டு வகைதான். சட்டி, தோசைக்கல், பெட்ஷீட், பள்ளிப் பை எல்லாம் மீன் குழம்பு. இன்னும் பதினைந்து நாளில் காலாவதியாகும் ஆறு தயிர் டப்பா, உதிரிச் சாமான் இனிமேல் வராத மிக்சி, இரண்டும் தேங்காய்ப் பால் கறி. நாலு பேர் உள்ள வீட்டில் ஆறு தயிர் எத்தனை நாளில் தீரும் என்பது கடைக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஒரு முறை ரவை மலிவென்று ஐந்து கிலோ வாங்கி, இரண்டு கிலோவை வண்டுக்குக் கொடுத்தோம். கொட்டிய இரண்டு கிலோவின் விலையையும் மிச்சம் மூன்று கிலோவின் மேல் ஏற்றிக் கணக்குப் போட்டபோது, சாதாரண விலையைத் தாண்டிவிட்டது. அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

2023-இலிருந்து அரசாங்க ஆதரவில் நடக்கும் ரஹ்மா மலிவு விற்பனையில், சந்தை விலையை விட 10 முதல் 30 விழுக்காடு வரை குறைவு என்பது அரசாங்கத்தின் கணக்கு. அதற்கும் நோட்டை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். அங்கே வாங்கிய முட்டையும் வெங்காயமும் பலமுறை என் நோட்டை ஜெயித்திருக்கின்றன.

இப்போது கடைசிப் பக்கத்தில் ஒரு கிரைண்டர் இருக்கிறது. இரண்டு லிட்டர், சாய்க்கும் மாதிரி. ஆகஸ்ட்டில் லகாட் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் 520, செப்டம்பரில் 520, இந்த வாரம் ‘தீபாவளிச் சிறப்பு, முன்பு 780, இப்போது 539’. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று வரியையும் விரலால் தொட்டுப் படித்தார். “ஏறியிருக்கு,” என்றார். பழைய கிரைண்டரில் கல் தேய்ந்து, உளுந்து அரைய முக்கால் மணி நேரம் ஆகிறது. இருந்தாலும் இந்தத் தீபாவளி மாவு அதில்தான். பண்டிகை முடிந்த மூன்றாவது வாரம் மறுபடி போய்ப் பார்க்க, நோட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறோம்.